இப்போது பால் கறப்பது யார்?

1996 சித்திரையில் அவினாசி சாலை ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதன் முன்னால் உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை. நர்சுகளுக்குக் கை ஓயாத வேலை. சின்ன டாக்டர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பவர்கள். யோசித்துப் பார்த்துவிட்டு, வாசல் ஜன்னலில் உட்கார்ந்து நோயாளிகளுக்குப் பேர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த ராசாத்தாளை உள்ளே கூப்பிட்டார்கள்.

ராசாத்தாளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அன்னூர்ப் பக்கத்தில் தோட்டம் வைத்து விவசாயம் செய்த குடும்பம். பத்தாவது முடித்துவிட்டு டைப்ரைட்டிங் பழகியவர். பீளமேட்டில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீசில் பதினாறு வருஷம், யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதியவர். ஆலை மூடப்பட்டதும் இங்கே வேலைக்கு வந்தார். கணவர் மோட்டார் கம்பெனியில் பிட்டர். ஹோப் காலேஜ் நிறுத்தத்துக்குப் பின்னால் வாடகை வீடு. வாசலில் நிற்கிறவர் வாயைத் திறக்கும் முன்பே ஊரையும் சாதிசனத்தையும் கண்டுபிடித்துவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பேர் இருந்தது.

கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கியவர் டாக்டர் உம்மல் குல்சும். முப்பது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்தவர், கரும்புக்கடைப் பகுதியைச் சேர்ந்தவர். நெஞ்சுவலி என்று வருகிறவர்களில் யாரைத் தீவிர சிகிச்சைக்கு அனுப்புவது, யாரைப் படுக்க வைத்துக் கவனிப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க, வெளிநாட்டு மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பன்னிரண்டு கேள்விகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். நரசிம்மலு என்கிற இன்ஜினியரிங் மாணவரைப் பிடித்து அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார் டாக்டர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் கேள்வி இங்கிலீஷில் வரும். ராசாத்தாள் அதைத் தமிழில் கேட்க வேண்டும். ஆம் என்றால் ஒன்றாம் பொத்தான், இல்லை என்றால் இரண்டாம் பொத்தான். ஈ.சி.ஜி. எடுத்தவர் சொல்வதையும் சேர்த்து அமுக்கினால், பிரிண்டர் கிரீச்சென்று கத்திக்கொண்டே ஒரு தாளைத் துப்பும். அதில் கணக்கின் ஆலோசனை இருக்கும். தாளைப் பார்த்து முடிவு செய்வது டாக்டர்தான்.

"இது உங்களுக்குப் பதிலா வைத்தியம் பாக்குமுங்களா?" என்று முதல் நாளே கேட்டார் ராசாத்தாள்.

"இல்லக்கா. நூறு பேர் வந்து நிக்கறப்ப நான் ஒண்ணை மறந்துருவேன். இது மறக்காது. அவ்வளவுதான்."

அந்த விளக்கம் ராசாத்தாளுக்குப் பிடித்திருந்தது. டைம் ஆபீசில் அவர் செய்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகவே போனது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, சூலூர்ப் பக்கத்திலிருந்து வேலன் என்கிற விவசாயி வந்தார். ஐம்பத்து நாலு வயது. கூடவே மனைவி கருப்பாத்தாள். அன்றைக்கு வராந்தாவில் நிற்க இடமில்லை. உட்கார்ந்ததுமே வேலன் எதிரில் இருந்த ராசாத்தாளைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா அம்மணி? காத்தால இருந்து உக்காந்திருப்பீங்களாட்ட இருக்குது" என்று விசாரித்தார்.

ராசாத்தாள் சிரித்துக்கொண்டே கேள்விகளைத் தொடங்கினார்.

"நெஞ்சு ரொம்ப வலிக்குதுங்களா?"

"ரொம்பன்னு இல்லீங்க. சும்மா."

"கைக்கு வலி எறங்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"மூச்சு வாங்குதுங்களா? வேர்த்துச்சுங்களா?"

"வெயிலுக்கு வேர்க்கத்தானுங்க செய்யும்."

இரண்டு, இரண்டு, இரண்டு என்று விரல் அமுக்கிக்கொண்டே போனது. ஈ.சி.ஜி.யும் பெரிதாக எதையும் காட்டவில்லை. தாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று வந்தது. உம்மல் குல்சும் ஸ்டெத் வைத்துப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலன் எல்லோருக்கும் கும்பிடு போட்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அதே வேலனை டெம்போவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். பெரிய மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, மின்சார அதிர்ச்சி கொடுத்து, ஆளை மீட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது.

மறுநாள் காலை அவசரப் பிரிவின் தலைவர் டாக்டர் அழகிரிசாமி வந்தார். பீளமேட்டுப் பழைய குடும்பம். முப்பது வருஷ அனுபவம். கத்திப் பேசுகிற பழக்கம் கிடையாது. பிரிண்டர் துப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பொட்டி இல்லாம இருந்திருந்தா அந்தாளு மூஞ்சிய இன்னொருக்கா பாத்திருப்பீங்க, இல்லீங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

உம்மல் குல்சும் அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தார். அது உண்மையாக இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"ஆடி முடியற வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள இது ஆளக் காப்பாத்துமா கவுத்துமான்னு எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி மூட்டை கட்டி அனுப்பிருவேன்."

அன்றைக்கு ராசாத்தாள் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். டாக்டர் தாளைப் பார்த்தார், தாள் கணக்கைப் பார்த்தது, கணக்கு பொத்தானைப் பார்த்தது. பொத்தானை அமுக்கியது யார்? கம்ப்யூட்டர் போனால் போகட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை. மூன்று மாதத்தில் பதினோரு பேரை அது சரியாகப் பிடித்துக் கொடுத்திருந்தது. அதில் இரண்டு பேர் டாக்டர் கண்ணுக்குத் தப்பியவர்கள். அதைக் கழற்றிப் போட்டால் அந்த மாதிரி ஆட்கள் மறுபடி தப்புவார்கள். வைத்துக்கொண்டால் இன்னொரு வேலன் வரலாம். இனிமேல் தன் விரலால் ஒருவர்கூட வீட்டுக்குப் போய் விழக் கூடாது. அதற்கு என்ன வழி என்பதுதான் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வேலனை வார்டுக்கு மாற்றினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராசாத்தாள் போய்ப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கட்டில் ஓரமாக நின்றார்.

"வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார் வேலன், தன் வீட்டுக்கு வந்த உறவுக்காரரிடம் சொல்வது போல. "ஏ கருப்பாத்தா, அந்த ஆரஞ்ச உரிச்சுக் குடு."

"ஏனுங்க, அன்னைக்கு வலிக்கவே இல்லீங்களா உங்களுக்கு?"

கருப்பாத்தாள் பழத்தை உரித்துக்கொண்டே முந்திக்கொண்டார். "வலிக்காமயா? வார வழியெல்லாம் பஸ் கம்பிய உடாமப் புடிச்சுட்டு வந்தாரு. இங்க வந்து உங்களப் பாத்ததும் சோளக்கொல்லைப் பொம்மையாட்டம் சிரிச்சுட்டு உக்காந்திருக்காரு."

"அப்புறம் ஏனுங்க சொல்லலே?"

"எத்தன சனம் நின்னுச்சு" என்றார் வேலன். "கைப்புள்ளையோட ஒருத்தி நிக்கறா. அந்த டாக்டரம்மா பாவம், காப்பித்தண்ணிகூடக் குடிக்கலே. அவங்ககிட்டப் போயி நான் வலிக்குது வலிக்குதுன்னா நல்லாவா இருக்கும்? அதும் நீங்க ரொம்ப வலிக்குதான்னு கேட்டீங்க. ரொம்பன்னு எப்படிங்க சொல்றது?"

ராசாத்தாள் பேச்சை மாற்றுவதற்காக, தோட்டத்தில் என்ன வெள்ளாமை என்று கேட்டார். அவ்வளவுதான். வேலன் பிடித்துக்கொண்டார். மஞ்சள் போட்டிருக்கிறார். உர மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. ஒரு மூட்டையை வண்டியிலிருந்து களத்துக்குத் தூக்கிப் போவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தாராம்.

"முப்பது வருசமா ஒரே மூச்சுல தூக்குவனுங்க. போன வாரம் மூணு பக்கம் எறக்கி வெச்சேன். பாத்தவன் என்ன நெனைப்பான் சொல்லுங்க? மூணாவதுக்கா எறக்கறப்ப இந்தக் கை மரத்துப் போச்சு. சட்டையெல்லாம் தண்ணியில முக்கி எடுத்தாப்பல. பொழுது கெளம்பற நேரமுங்க, வெயிலே இல்ல."

ராசாத்தாள் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்தபடியே இருந்தார். கைக்கு இறங்கிய வலி, வேர்வை, வேலை செய்யும்போது வருவது, நின்றால் நிற்பது. பன்னிரண்டு கேள்வியில் நாலுக்குப் பதில் அந்த உர மூட்டைக்குள்ளேயே இருந்தது. வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படுகிற மனிதர், வேலை பாதியில் நின்றுபோனதைச் சொல்லாமல் இருக்க முடியாமல் தவிக்கிறார்.

நேராக உம்மல் குல்சுமிடம் போனார். டாக்டர் நின்றுகொண்டே டிபன் டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நம்ம சனத்துகிட்ட வலியைக் கேக்கக் கூடாதுங்க. வேலையைக் கேக்கோணும்."

விஷயத்தைக் கேட்டு முடித்த பிறகும் டாக்டர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "கேள்விய மாத்தினா மார்க்கு மாறிரும்க்கா. அது ஆயிரக்கணக்கான ஆள வெச்சுச் சரிபார்த்த கணக்கு. நம்ம இஷ்டத்துக்கு வளைச்சா அதுக்கு மதிப்பே இல்ல."

"கணக்கு அப்படியே இருக்கட்டுங்க. வேர்த்துச்சான்னுதானே அதுக்குத் தெரியோணும்? நேரா வேர்த்துச்சான்னு கேட்டா இல்லீம்பாங்க. நேத்து பால் கறந்தீங்களா, பாதியில எந்திரிச்சீங்களா, எந்திரிச்சப்ப சட்டை நனைஞ்சு இருந்துச்சான்னு நான் கேட்டுக்கறேன். அப்புறம் ஒண்ணையோ ரெண்டையோ அமுக்கறேன்."

டாக்டர் டப்பாவை மூடி வைத்தார்.

"இன்னொண்ணுங்க" என்றார் ராசாத்தாள். "ஒண்ணுமில்லீங்கன்னு ஒருத்தர் சொன்னா, அது இல்லைன்னு அர்த்தமில்லீங்க. உங்களுக்கு ஏன் சிரமம்னு அர்த்தம். அதுக்கு ரெண்டை அமுக்க எனக்குப் பயமா இருக்குது. மூணாவதா ஒரு பொத்தான் வேணும்."

நரசிம்மலு வந்து இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் பொத்தானுக்கு "இன்னும் தெரியவில்லை" என்று பொருள். இரண்டு கேள்விக்கு மேல் மூன்றாம் பொத்தான் விழுந்தால், வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்கு சொல்லாது. படுக்க வைத்து, அரை மணி கழித்து மறுபடி ஈ.சி.ஜி. எடு என்று சொல்லும். உர மூட்டைக்காரர், மாட்டுக்காரர், தறிக்காரர், ஆலைக்காரர், வீட்டு வேலை செய்கிற பெண்கள் என்று ஒவ்வொருவரிடமும் எதைக் கேட்பது என்று ராசாத்தாள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கிணத்துக்கடவு பஸ்ஸில் வந்து இறங்குகிறவரிடம் தென்னையைக் கேட்பார். சென்னிமலைக்காரரிடம் தறியைக் கேட்பார். வாயு மாத்திரை போதும் என்று வந்த ஒரு பாட்டியிடம் தண்ணீர்க் குடத்தைக் கேட்டதில், குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் ஐம்பதடியில் இரண்டு முறை குடத்தை இறக்கி வைப்பது தெரிந்தது. அரை மணி கழித்து எடுத்த ஈ.சி.ஜி.யில் கோடு மாறியிருந்தது. அந்த அம்மாளுக்கு ஊசி அங்கேயே போடப்பட்டது. எட்டாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆடி பிறந்து பத்து நாளில் அப்படி நாலு பேர். அழகிரிசாமி அதைப் பார்த்தார். ஆனாலும் அவர் மனம் ஆறவில்லை.

"புடிச்சவங்களச் சொல்றீங்க, சரி" என்றார். "விட்டவங்களுக்கு யாரு கணக்கு வெச்சிருக்கறா? சித்திரையில இருந்து இந்தப் பொட்டி எத்தன பேர வீட்டுக்கு அனுப்பிச்சுது?"

ராசாத்தாள் பதிவேட்டைப் புரட்டினார். "வேலன் போக அறுபத்து மூணு பேருங்க."

"வேலன் திரும்பி வந்ததால நமக்குத் தெரிஞ்சுது. வராதவன் நல்லா இருக்கறதாலதான் வரலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி நியாயமானது என்பதால்தான் அது ராசாத்தாளை வாட்டியது. அறுபத்து மூன்று பேருக்கும் பொத்தான் அமுக்கியது அவர்தான். அதில் பெரும்பாதி, வலியை நேராகக் கேட்ட நாட்களில் அமுக்கியது. தபாலாபீஸ் போய், பதில் எழுதும் அட்டையும் சேர்ந்த இரட்டை அட்டைகளை வாங்கி வந்தார். பதிவேட்டில் இருந்த விலாசங்களுக்கெல்லாம், தங்கள் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதிப் போட்டார்.

பத்து நாளில் ஐம்பது பதில் வந்தது. ராசாத்தாள் ஒவ்வொன்றாகப் படித்தார். ஆண்டவன் புண்ணியத்தில் நலம், தங்கள் நலமும் டாக்டரம்மா நலமும் அறிய ஆவல். மாசாணியம்மன் அருளால் சுகம். நலமே, வரும் மாரியம்மன் நோம்பிக்குக் குடும்பத்தோடு அவசியம் வரவும். ஐம்பதிலும் ஐம்பது பேர் நலம்.

அட்டைக் கட்டை வாங்கிப் பார்த்த அழகிரிசாமி முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார். "ராசாத்தாள், நம்மாளு சுடுகாட்டுக்குப் போற வழியில எழுதினாலும் நலம்னுதான் எழுதுவான். அவங்கிட்டப் போயிக் கேட்டிருக்கீங்களே."

உம்மல் குல்சுமும் சிரித்துவிட்டார். ராசாத்தாளுக்கு முகம் சிவந்தது. வாயால் கேட்கும்போது கற்றுக்கொண்டதை, பேனாவை எடுத்ததும் எப்படி மறந்தோம் என்று அவருக்கே புரியவில்லை. ஆடி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுபடி அறுபத்து மூன்று அட்டை வாங்கினார். ஒவ்வொருவரின் தொழிலும் பதிவேட்டில் இருந்தது. இந்தத் தடவை உடல்நிலை என்கிற சொல்லே இல்லை. தறிக்காரருக்கு, இந்த வாரம் தறியிலிருந்து எத்தனை பெட்ஷீட் இறக்கினீர்கள், போன வாரம் எத்தனை என்று எழுதினார். ஆலைக்காரருக்கு, இப்போது எந்த ஷிப்டு என்று எழுதினார். மாடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரே வரி: தங்கள் வீட்டில் இப்போது பால் கறப்பது யார்?

ஆஸ்பத்திரி முத்திரையோடு இப்படி ஒரு அட்டை வந்ததும் ஊர்களில் என்ன பேசினார்களோ தெரியாது. ஆனால் பதில் எழுதினார்கள், இண்டு இடுக்கு விடாமல் எழுதினார்கள். சிலர் மாட்டின் பேரும் எழுதியிருந்தார்கள். நானேதான் கறக்கிறேன், காலையில் ஆறு லிட்டர், மாலையில் நாலு என்று வந்த அட்டைகளைப் படித்து ராசாத்தாள் ஒவ்வொரு பேராக அடித்தார். தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

ஆடி இருபத்தாறாம் நாள் வந்த அட்டையில் அவர் கை நின்றது. கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கமிருந்து நஞ்சுண்டன் எழுதியது. ஐம்பத்தெட்டு வயது. வைகாசியில் நெஞ்சு எரிச்சல் என்று வந்து, பன்னிரண்டு கேள்விக்கும் ஒண்ணுமில்லீங்க என்று பதில் சொல்லிப் போனவர்.

"பாலை இப்போது மகன் மோகன்குமார் கறக்கிறான். குத்த வைத்து உட்கார்ந்தால் எனக்கு எழ நேரமாகிறது. பால் சொசைட்டிக்கும் அவனே போகிறான். நான் தோட்டத்துச் சாளைக் குடிசையிலேயே படுத்துக்கொள்கிறேன், வீடு வரை நடக்கச் சோம்பலாக இருக்கிறது. மற்றபடி பரம சௌக்கியம்."

நஞ்சுண்டனின் வீட்டில் போன் இல்லை. ஆனால் ஊரில் பால் சொசைட்டி என்று ஒன்று இருந்தால் அங்கே போன் இருக்கும். எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்டு, ராசாத்தாள் கூப்பிட்டார். சொசைட்டி செயலாளர் எடுத்தார்.

"நஞ்சுண்டனுங்களா? நல்லா இருக்காருங்க. அவருக்கென்ன."

"கடைசியா எப்பங்க பாத்தீங்க?"

"இப்ப... பையன்தானுங்க பால் ஊத்தறான்."

"அவரு நடந்து வந்து எத்தன நாளாச்சுங்க?"

மறுமுனையில் பால் கேன்களின் சத்தத்துக்கு நடுவே செயலாளர் யாரிடமோ விசாரித்தார். "ஒரு மாசம் இருக்குமாட்டங்க. தெனமும் வந்து அரசியல் பேசிட்டுப் போற ஆளு. நாங்க யாருமே அதை நெனச்சுப் பாக்கலீங்க."

"நாளைக்குக் காத்தால அவரு இங்க இருக்கோணும். மோகன்குமார்கிட்டச் சொல்லுங்க. பஸ்ஸுல வேண்டாம், கார் வெச்சுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நடக்க உடாதீங்க."

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் நஞ்சுண்டன் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை. மகன் கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய். ராசாத்தாளைப் பார்த்ததும் அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"ஏனுங்க அம்மணி, அட்டையில ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டனுங்களா?"

"சரியாத்தானுங்க எழுதிருக்கீங்க. உக்காருங்க. சாளையில இருந்து ஊடு எவ்வளவு தூரமுங்க?"

"ரெண்டு வெள்ளாமக் காடு தள்ளி. கூப்புட்டா கேக்கும்."

"நடந்தா எங்க நிப்பீங்க?"

"நிக்கறதுங்களா... வேப்பமரத்துகிட்ட ஒருக்கா. அப்புறம் தொட்டிகிட்ட ஒருக்கா."

"நிக்கறப்ப எங்க கை போகுதுங்க?"

நஞ்சுண்டனின் வலது கை தானாகவே எழுந்து நெஞ்சின் நடுவில் விரிந்து நின்றது. மோகன்குமார் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க" என்றான்.

"உங்கிட்டச் சொன்னா நீ தோட்டத்த உட்டுப்போட்டு டவுனுக்குக் கூட்டிட்டு ஓடியாருவே. வெங்காயம் எடுக்கறது யாரு?"

நாலு கேள்விக்கு ஒன்றாம் பொத்தான், மூன்று கேள்விக்கு மூன்றாம் பொத்தான். முதல் ஈ.சி.ஜி. பரவாயில்லை. பழைய நாளாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். தாள், படுக்க வை என்றது. அரை மணி முடியும் முன்பே நஞ்சுண்டனுக்கு வேர்த்தது. "டாக்டரம்மா சாப்பிட்டாச்சுங்களா" என்று அப்போதும் அவர் ராசாத்தாளிடம் மெதுவாகக் கேட்டார். இரண்டாவது ஈ.சி.ஜி.யை உம்மல் குல்சும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஒன்பதரை மணிக்கு அழகிரிசாமி தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்தார். ராசாத்தாள் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ரத்தக் குழாய் அடைச்சுட்டு வருதும்மா. ஆனா முழுசா அடைக்கலே. மருந்து ஏறுது, வலி நின்னுருச்சு. ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்திருந்தா வேலனாட்டம் வந்திருப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, "வராமயும் போயிருப்பாரு" என்றார்.

ராசாத்தாள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பெரிய டாக்டர் முன்னால் உட்காரக் கூடாது என்று தோன்றியும் எழவில்லை. அழகிரிசாமியும் அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மிச்ச அட்டையெல்லாம்?"

"அறுபத்து மூணுல அம்பத்தெட்டு வந்துருச்சுங்க. நாலு பேரு வேலையக் கொறைச்சிருக்காங்க, வரச் சொல்லி எழுதிருக்கேன். பதிலே வராதது அஞ்சு. அதுல ரெண்டுக்குப் பால் சொசைட்டி மூலமாத் தெரிஞ்சுது, நல்லா இருக்காங்க. மூணு இன்னும் தெரியலீங்க."

"தெரியலைன்னு சொல்ல உங்களுக்கு ஒரு பொத்தான் கெடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பொட்டி இருக்கட்டும். ஆனா ஒரு கண்டிசன். வீட்டுக்கு அனுப்பற ஒவ்வொருத்தருக்கும் பத்தாம் நாள் அட்டை போகோணும். அட்டை போடாத நாள் பொட்டிய நானே கழட்டுவேன். அந்த நோட்டு எங்க? வேலையப் பத்திக் கேட்டு எழுதி வெச்சிருக்கீங்களாமே."

ராசாத்தாள் எழுந்து போய் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அங்கேயே உட்கார்ந்து படித்தார். ஒரு பக்கத்தில் நின்று, "மாடிப்படி ஏர்றவங்களக் கேக்கலையே. ஆபீஸ் உத்தியோகக்காரன் எதைத் தூக்குவான்? அவனுக்கும் எழுதுங்க" என்றார். பிறகு, சின்ன டாக்டர்கள் அத்தனை பேரையும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ராசாத்தாள் முன்னால் உட்கார வைக்கும்படி உம்மல் குல்சுமிடம் சொல்லிவிட்டு வார்டு பார்க்கப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சின்ன டாக்டர்கள் ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் சென்னைக்காரர்கள். நோயாளியிடம் எருமையைப் பற்றி விசாரிக்கத்தான் ஐந்தரை வருஷம் படித்தோமா என்று அந்த இருவரில் ஒருவர் முணுமுணுத்தது ராசாத்தாள் காதில் விழுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேலனை வரச் சொல்லியிருந்தார். மறுபரிசோதனைக்கு வந்திருந்த வேலன் அந்த ஏழு பேர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். வலிக்கிறதா என்று அந்தச் சென்னைக்காரரையே கேட்கச் சொன்னார் ராசாத்தாள்.

"அதெல்லாம் இல்லீங்க தம்பி, சும்மா இருக்கறேன்" என்றார் வேலன்.

"தோட்டத்துல மஞ்சளுக்கு யாருங்க தண்ணி கட்றாங்க?" என்று ராசாத்தாள் கேட்டார்.

வேலன் பேச ஆரம்பித்து நிறுத்தக் கால் மணி நேரம் ஆனது. முணுமுணுத்த டாக்டர் இடையில் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குவது அந்தப் பேச்சில் தெரிந்ததால், வேலனின் மாத்திரை அளவை அன்றைக்கே மாற்ற வேண்டியிருந்தது.

நஞ்சுண்டன் ஒன்பதாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார். ஆறு வாரத்துக்குக் குத்த வைத்து உட்காரக் கூடாது, மாட்டைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மோகன்குமார் மாத்திரைப் பையோடு முன்னால் போய்க் கார் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நஞ்சுண்டன் மெதுவாக நடந்து கம்ப்யூட்டர் மேசைக்கு வந்தார். நடுவில் எங்கும் நிற்கவில்லை. ராசாத்தாள் அதைக் கவனித்தார்.

"மறுபடி அட்டை போடுவீங்களாமா அம்மணி?"

"பத்தாம் நாள் வரும். அப்புறம் மாசம் ஒண்ணு."

"பால் கறக்கறது யாருன்னுதானுங்களா?"

"ஆமாங்க."

"மவன்தான் கறக்கறான்னு எழுதோணும். வேற வழி?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அதோட கீழ இன்னொரு கேள்வியும் போட்டு அனுப்புங்க. அவன் கறந்தா மாடு எத்தன லிட்டர் குடுக்குதுன்னு. அதுக்குப் பதில் எழுதத்தானுங்க எனக்குக் கை துறுதுறுங்குது."

ராசாத்தாள் சரியென்று எழுதிக்கொண்டார். நஞ்சுண்டன் கும்பிட்டுவிட்டு, மகனின் தோளைப் பிடிக்காமலே படியிறங்கிப் போனார். பேர்ச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் உள்ளே வந்தார். ஒண்டிப்புதூரிலிருந்து வந்தவர், ஆலைத் தொழிலாளி. எதிரில் உட்காரும் முன்பே, தனக்கு ஒன்றும் இல்லை, வீட்டில்தான் பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்.

"இருக்கட்டுங்க" என்று ராசாத்தாள் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. இப்ப எந்த ஷிப்டு போறீங்க?"